அமலி வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ஒரு ரூபாய்

செய்தி வந்தபோது நான் ஒரகடத்தில் ஒரு கிடங்கின் வாசலில் நின்று லாரி எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தேன். அதுதான் இப்போது என் பிழைப்பு. வியாழக்கிழமை, சாப்பாட்டு நேரத்துக்குச் சற்று முன்பு. போனில் ஸ்டெல்லா, அமலியின் மகள். "மாமா, அம்மா பூட்டாங்க" என்றாள். காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று உட்கார்ந்தாளாம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். எனக்குப் பின்னால் லாரிக்காரன் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். தாயைப் பறிகொடுத்த பெண்ணிடம் நான் கேட்ட முதல் கேள்வியை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும். "ஃப்ரிட்ஜுல மருந்து கீதாம்மா?" என்று கேட்டேன்.

"கீது மாமா. சனிக்கிழம பிள்ளைப்பாக்கத்துக்குன்னு வாங்கி வெச்சாங்க" என்றாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். நானும் அழுதேன். லாரிக்காரன் இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே நோட்டில் எண்ணை எழுதிவிட்டுப் போனான்.

அமலோற்பவம் என்ற முழுப்பெயர் அவளுடைய ஆதார் அட்டையிலும் கல்லறைச் சிலுவையிலும் மட்டும்தான் இருக்கிறது. உங்களில் பாதிப் பேருக்கு அவள் கோழி அமலி, மீதிப் பேருக்குச் சொட்டு மருந்து அக்கா. இந்த மாதிரி அஞ்சலி எழுதும்போது 'அவர்' என்றுதான் எழுத வேண்டும், தெரியும். எழுதிப் பார்த்தேன். யாரோ அதிகாரியைப் பற்றி எழுதுவதுபோல் இருந்தது. பதினாறு வருடம் என் வண்டியின் பின்சீட்டில், மடியில் தெர்மாகோல் பெட்டியை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் என்னைத் திட்டிக்கொண்டே வந்தவள். அவள் என்றே எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் ஒரே நாளில்தான் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரு சின்னத் தொண்டு நிறுவனம், இன்று அது இல்லை. அதற்கு முன்பு அவள் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்தில் தரை துடைத்தாள், நான் ஒரு தீவனக் கடையில் இருந்தேன். முதலில் எங்களுக்குக் கொடுத்த வேலை, ஏழை வீடுகளுக்குக் கோழிக்குஞ்சு கொடுப்பது. வீட்டுக்குப் பத்துக் குஞ்சு, சீக்கிரம் எடை போடுகிற புது ஜாதி. அந்தக் குஞ்சுகளுக்குப் பருந்தைக் கண்டால் ஓடத் தெரியவில்லை. கொடுத்த தீவனம் தீர்ந்ததும் குப்பையைக் கிளறித் தின்னத் தெரியவில்லை. பாதியைக் காக்காயும் கீரியும் கொண்டுபோயின, மீதி வெள்ளைக்கழிச்சலில் போனது. கோழி வளர்க்கிற வீட்டில் அந்த நோயின் பெயரைச் சொன்னாலே முகம் மாறும். ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டால் நாலு நாளில் தெருவே காலி.

சென்னையிலிருந்து மேலதிகாரி வந்து கூட்டம் போட்டார். அடுத்து எந்த ஜாதிக் குஞ்சு கொடுக்கலாம் என்று கேட்டார். ஆளாளுக்கு ஒரு பெயர் சொன்னோம். நானும் ஒன்று சொன்னேன், எது என்று இப்போது ஞாபகம் இல்லை. கடைசி நாற்காலியிலிருந்து அமலி எழுந்தாள். "குஞ்சு குடுக்காதீங்க சார். கீற குஞ்சு சாவாம இருக்க வழி சொல்லுங்க" என்றாள். அவர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, குஞ்சுக்குப் பதிலாக எங்களுக்குத் தெர்மாகோல் பெட்டியும் கழிச்சல் வராமல் தடுக்கிற கண்சொட்டு மருந்தும் வந்தன. அன்றைக்கு அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான் பதினாறு வருடமும் செய்துகொண்டிருந்தோம்.

சொட்டு ஊற்றுவது பெரிய வித்தை இல்லை. கோழியின் கண்ணில் ஒரு சொட்டு, அவ்வளவுதான். பிடுங்கல் எல்லாம் வேறு இடத்தில். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மருந்து இருக்கும். வீட்டுக்கு ஐந்தோ ஏழோதான் கோழி. குப்பியை உடைத்துக் கரைத்தால் இரண்டு மணி நேரத்துக்குள் ஊற்றி முடிக்க வேண்டும். அப்படியானால் தெரு முழுக்க ஒரே நேரத்தில் வீட்டில் ஆள் இருக்க வேண்டும், கோழியும் கூட்டில் இருக்க வேண்டும். கோழி விளக்கு வைக்கும் நேரத்தில் தானாக வந்துவிடும். பெண்கள் வர மாட்டார்கள். ஒருத்தி முதல் ஷிப்டு, ஒருத்தி ஜெனரல், இன்னொருத்தி ஓ.டி. என்று நின்றுவிடுவாள். அமலி வீட்டுக் காலண்டரில் பண்டிகை தெரியாது, எந்தத் தெருவில் யாருக்கு எந்த வாரம் எந்த ஷிப்டு என்றுதான் எழுதியிருக்கும். "கோழிய பத்தி தெரிஞ்சா மட்டும் போதாதுண்ணா. கம்பெனி பஸ்ஸு எத்தன மணிக்கு வருதுன்னு தெரியணும்" என்பாள்.

இந்த வேலையில் முடிந்தது என்ற பேச்சே கிடையாது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்ப ஊற்ற வேண்டும். அதற்குள் பாதிக் கோழி குழம்பாகியிருக்கும், புதுக் குஞ்சு பொரித்திருக்கும். மறுபடி முதலிலிருந்து. டீக்கடையில் வண்டியை நிறுத்தினால் அவள் உட்கார மாட்டாள். "உக்காந்தா எழுந்திருக்க மாட்டேன், நின்னுகினே குடிச்சிடறேன்" என்பாள். நான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பேன். அவள் காலைப் பற்றி அப்போது நான் யோசித்ததே இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் நடந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். ஒரு வீட்டுக்கார அம்மா கொல்லையில் ஆறு ரூம் கட்டி வாடகைக்கு விட்டிருந்தாள். தென்மாவட்டத்துப் பையன்கள் இருந்தார்கள், எல்லோரும் மூன்றாவது ஷிப்டு. காலையில் வந்து படுப்பார்கள், அப்போதுதான் அந்தத் தெருவின் அத்தனை சேவலும் தொண்டையைத் திறக்கும். "எக்கா, சாவல் காதுக்குள்ளயே வந்து நின்னு கூவுதுக்கா. ஒரு வாரமா ஒறக்கம் இல்ல. நாங்க வேற ரூம் பாத்துக்கிடுதோம்" என்றான் ஒருவன். வீட்டுக்கார அம்மா கத்தியை எடுத்துவிட்டாள். சேவலை எல்லாம் அறுத்துவிட்டால் அடுத்து முட்டை குஞ்சாகாது, அந்தத் தெருவில் கோழி வளர்ப்பே அதோடு போச்சு.

அமலி தெரு முழுக்க நடந்து பார்த்தாள். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் இருந்தால் போதும், வீட்டுக்கு ஒன்று எதற்கு என்று பேசி, நல்ல சேவல் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விற்கச் சொன்னாள். அந்த இரண்டையும் தெருக் கோடியில் ஏரிக்கரை ஓரம் இருந்த ஒரு வீட்டில் விட்டாள். ஏன் அந்த வீடு என்று நான் கேட்டேன். "அவருக்கு காது மந்தம்ணா" என்றாள், சிரிக்காமல். பெட்டைகள் மேயப் போய்த் தாங்களாகவே சேவலைப் பார்த்துக்கொண்டன. அந்தப் பையன்கள் அதற்கப்புறம் மெஸ்ஸில் மிஞ்சிய சோற்றைக் கோழிக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்கள்.

இனி எழுதப்போவது அவளைப் பற்றியும்தான், என்னைப் பற்றியும்தான். வேலையில் சேர்ந்த நான்காம் வருடம். அமலி வீட்டில் அப்போது ஃப்ரிட்ஜ் கிடையாது, மருந்து என் வீட்டு ஃப்ரிட்ஜில்தான் இருக்கும். ஒருமுறை சூடு பட்டால் அந்த மருந்து கெட்டுவிடும், திரும்பக் குளிர வைத்தாலும் தேறாது. சித்திரை மாதம். என் தங்கை மகனுக்கு எங்கள் வீட்டிலேயே காதுகுத்து வைத்தோம். தாய்மாமன் என் மடியில் குழந்தையை உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். நாங்கள் வேலை பார்த்த ஊர்ப் பெண்களையும் கூப்பிட்டிருந்தேன். வருகிறவர்களுக்குக் கொடுக்க ஐஸ்கிரீம் கப் வாங்கியிருந்தேன். வைக்க இடம் இல்லை. மருந்து டப்பாவை எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தேன். ஒரு மணி நேரம்தானே, என்று நினைத்தேன். என் கையால்தான் எடுத்தேன், வேறு யாரும் எடுக்கவில்லை.

சாயங்காலம் கூட்டம் கலைந்தபிறகுதான் ஞாபகம் வந்தது. டப்பா வெயிலில் காய்ந்து சூடாக இருந்தது. அவசரமாக உள்ளே வைத்தேன். மறுநாள் அமலி வந்து கேட்டபோது எடுத்துத் தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது. குப்பிக்குள் அதே வெள்ளைப் பொடி. ஜில்லென்று இருந்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கொடுத்தேன். அன்று சாயங்காலம் இருவருமாகப் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு தெரு முழுக்க அதை ஊற்றினோம்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தெருவில் கழிச்சல் இறங்கியது. சொட்டு போட்ட கோழி, போடாத கோழி என்று பார்க்கவில்லை, எல்லாம் போனது. கன்னியம்மாவின் வீட்டில் பதினோரு கோழி. புருஷன் இல்லாதவள், மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். பிள்ளை பெற்றவளுக்கு முட்டையும் கோழிச்சாறும் கொடுப்பதற்கென்று அத்தனை நாளும் ஒரு கோழியைக்கூட அறுக்காமல் வைத்திருந்தாள். மகளுக்கு வலி எடுத்த வாரத்தில் கூடு காலியாக இருந்தது. செத்த கோழிகளைச் சாக்கில் கட்டி ஷேர் ஆட்டோவில் எடுத்துக்கொண்டு வந்து அமலி வீட்டு வாசலில் கொட்டினாள். "உன் மருந்து தாண்டி கொன்னுச்சு. பச்ச ஒடம்புக்காரிக்கு இன்னா குடுப்பேன் இப்ப?" என்று கேட்டாள். அமலியின் தெருவே பார்த்தது.

நானும் அங்கே இருந்தேன். அமலி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. சாக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பள்ளம் தோண்டிப் புதைத்தாள். "நான்தாண்ணா வெயில்ல ரொம்ப நேரம் பொட்டிய வெச்சிகினு சுத்திட்டேன். என் தப்புதான்" என்றாள். நிறுவனத்தில் விசாரித்தபோதும் அதையே சொன்னாள். நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையாட்டினேன். வாயைத் திறந்திருந்தால் வேலை போயிருக்கும் என்று அன்றைக்குப் பயந்தேன். வேலை எப்படியும் சில வருடத்தில் போகத்தான் போனது.

அடுத்த மாதமே அவள் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் வாங்கினாள். வீடு காலி செய்துகொண்டு போன யாரோ இன்ஜினியர் வீட்டுச் சாமான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஐஸ் உறைகிற மேல்தட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதில் தண்ணீர் ஐஸாக உறைந்திருந்தது. ஐஸின் மேல் ஒரு ரூபாய்க் காசு. "கரண்டு பூட்டா ஐஸு கரையும், காசு அடிக்கு பூடும். அப்பால கரண்டு வந்து உறைஞ்சாலும் காசு மேல வராது. மருந்து கெட்டுச்சா இல்லியான்னு இது யாரையும் கேக்காம சொல்லிடும்ணா" என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்த்துத்தான் சொன்னாள். அவளுக்குத் தெரியும் என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு மருந்தை ஒருநாளும் என் வீட்டில் வைக்கச் சொல்லவில்லை. என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல நாள் அவள்மேல் கோபம்கூடப் பட்டிருக்கிறேன். என்ன ஜென்மமோ நான்.

பிள்ளைப்பாக்கத்துத் தெரு எங்களுக்குக் கதவைத் திறக்க இரண்டு வருடம் ஆனது. திறந்தது மருந்தால் இல்லை. கோழியை வாரத்துக்கு விடுவது எங்கள் பக்கத்தில் வழக்கம். கோழி ஒருத்தியுடையது, வளர்ப்பவள் இன்னொருத்தி, பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. அமலி தன்னுடைய அடைக்கோழி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கன்னியம்மா வீட்டு வாசலில் நின்றாள். தலையைக் குனிந்துகொண்டுதான் நின்றாள். "கோழிய வுட்டுட்டு போ. உன் மருந்து மட்டும் வேணாம்" என்றாள் கன்னியம்மா.

பன்னிரண்டு குஞ்சு பொரித்தது. ஒரு வாரம் ஆனதும் அமலி போய், அப்போதே பிரித்துவிடலாம் என்றாள். தன் பங்கு ஆறுக்கும் காலில் சிவப்பு நூல் கட்டினாள். "நூல் கட்னது என்து. என்துக்கு நான் சொட்டு ஊத்துவேன், நீ கேக்கக் கூடாது" என்றாள். நாள் கணக்குப் பார்த்து அந்த ஆறுக்கும் ஊற்றினாள், மறுபடியும் ஊற்றினாள். நாலைந்து மாதம் கழித்து ஊருக்குள் கழிச்சல் வந்தது. நூல் கட்டிய ஆறும் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தன. நூல் இல்லாதவை ஒவ்வொன்றாகக் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்தன. அமலியைப் பார்த்ததும் கன்னியம்மா கத்தினாள். "ஏன்டி, என்துக்கும் சேத்து ஊத்தித் தொலைச்சிருந்தா இன்னா?" அமலி, "நீதான வேணான்ன" என்றாள். பிறகு தன் ஆறில் மூன்றை அவளிடமே விட்டுவிட்டு வந்தாள். அந்த வருடத்திலிருந்து அந்தத் தெருவில் எங்களுக்கு முதலில் கதவு திறப்பது கன்னியம்மாதான்.

நிறுவனம் மூடிய பிறகு நான் கிடங்கு வேலைக்குப் போய்விட்டேன். அவள் விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் மட்டும் என் வண்டியும் அவள் பெட்டியுமாக ஒரு தெரு, ஒரு ஊர். கடைசி வருடங்களில் எங்களுக்கு ரொம்பவே அலுத்துவிட்டது, மறைக்க ஒன்றும் இல்லை. கோழி மேய்ந்த இடமெல்லாம் மனைக்கல் நட்டுவிட்டார்கள். சாலையில் கம்பெனி பஸ் அடித்துப் போகிற கோழி நோயில் போவதைவிட அதிகமோ என்று தோன்றும். அவளுக்கு முட்டி வலி, எனக்கு இடுப்பு. வண்டியில் ஏற ஒரு கல்லைத் தேடுவாள். இறப்பதற்கு முந்தின வாரம்கூட, "சலிச்சுப்போச்சுண்ணா" என்றாள். "அப்ப வுட்டுடேன்" என்றேன். "வர்ற சனிக்கிழம பிள்ளைப்பாக்கம் ஒண்ணு முடிச்சிட்டு வுட்டுடறேன்" என்றாள். எத்தனையோ வருடமாக அவள் இதையே சொல்லிக்கொண்டிருந்தாள், ஊர்ப் பெயர் மட்டும்தான் மாறும்.

வியாழன் மதியம் அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவளுடைய தம்பி பெங்களூரிலிருந்து வர வேண்டும் என்று மறுநாள் சாயங்காலம்வரை வைத்திருந்தார்கள். ஐஸ் பெட்டி வந்தது. தூக்கி வந்த ஆள், "பிளக்கு எங்க கீது?" என்று கேட்டான். "ஃப்ரிட்ஜ கழட்டிட்டு அதுல மாட்டு" என்று யாரோ சொன்னார்கள். அது என் காதில் விழுந்தது. மண்டையில் ஏறவில்லை. நான் அவள் கால்களைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். முதல் ஷிப்டு முடித்து யூனிபார்மோடு பெண்கள் வந்தார்கள், ஐ.டி. கார்டு கழுத்தில் தொங்க அழுதார்கள். கன்னியம்மா வந்து பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடக்கம் முடிந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்கு மருந்தை எடுக்கப் போனேன். போக வேண்டுமா என்று யோசித்தேன்தான். ஆனால் பக்கத்து ஊரில் கழிச்சல் வந்துவிட்டதாகப் பேச்சு. தெருவில் நாலு பெண்கள் அன்றைக்கென்று ஷிப்டு மாற்றிக்கொண்டிருந்தார்கள். அமலி கேட்டு மாற்றிய ஷிப்டு. ஸ்டெல்லா ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டாள். மருந்து டப்பா ஜில்லென்று இருந்தது. மேல்தட்டில் டம்ளரை எடுத்துப் பார்த்தேன். ஐஸ் கெட்டியாக உறைந்திருந்தது. மேலே காசு இல்லை. டம்ளரைத் தண்ணீர்க் குழாய்க்குக் கீழே பிடித்து ஐஸைக் கழற்றித் திருப்பினேன். அடிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது காசு.

ஒரு பகல், ஒரு இரவு, இன்னொரு பகல் அந்த ஃப்ரிட்ஜ் கரண்டு இல்லாமல் கிடந்திருக்கிறது. அதன்பின் யாரோ நல்ல மனசோடு பிளக்கைத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். ஸ்டெல்லாவுக்குத் தெரியாது, தெருவில் யாருக்கும் தெரியாது. தொட்டுப் பார்த்தால் ஜில்லென்று இருக்கிறது, அதே வெள்ளைப் பொடி. ஊற்றிவிட்டுப் போனால் இன்றைக்கு எல்லோருக்கும் நிம்மதி. அவள் பெயரில் கடைசியாக ஒரு தெருவை முடித்த மாதிரியும் இருக்கும். இவ்வளவும் நான் நினைத்தேன். அப்புறம் அந்த ஐஸ் கட்டியைப் பிடித்துக்கொண்டே அவள் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். கை மரத்துப்போகும்வரை உட்கார்ந்திருந்தேன்.

பிள்ளைப்பாக்கத்துக்கு வெறும் பெட்டியோடு போனேன். கூடைகளைக் கவிழ்த்துக் கோழிகளை மடக்கி வைத்துக்கொண்டு வாசல் வாசலாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். மருந்து கெட்டுவிட்டது, இன்றைக்கு ஊற்ற முடியாது என்றேன். "ஷிப்டு மாத்திகினு வந்து நிக்கிறோமேண்ணா" என்றாள் ஒருத்தி. எப்படிக் கெட்டது என்று சொன்னேன். அவளை வைத்திருந்த ஐஸ் பெட்டிக்காகப் பிளக்கைக் கழற்றினார்கள் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்த முடியவில்லை. "இன்னொண்ணும் சொல்லணும் கன்னியம்மா" என்று ஆரம்பித்து, ஜன்னல் கட்டையில் வைத்த டப்பாவை, என் மடியில் இருந்த குழந்தையை, ஐஸ்கிரீமை, எல்லாவற்றையும் தெருவின் நடுவில் நின்று சொன்னேன். அமலி ஒரு தப்பும் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்று சொன்னேன்.

கன்னியம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த காதுகுத்துக்கு நானும் வந்தேன். நானுந்தான் அந்த ஐஸ்கிரீம துன்னேன்" என்றாள். பிறகு, "அவ இருக்கச்சே இத்த சொல்லியிருக்கலாமில்ல. எவ்ளோ நாளு என் வூட்டு வாசல்ல தலைய குனிஞ்சிகினே நின்னா" என்றாள். அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவள் குனிந்து கூடையை நிமிர்த்திக் கோழிகளைத் திறந்துவிட்டாள். "அடுத்த சனிக்கிழம வா. வர்றப்ப அந்த டம்ளர எடுத்துகினு வா. காசு மேல கீறத என் கண்ணால பாத்துட்டுதான் கோழிய குடுப்பேன்" என்றாள். மற்ற பெண்களும் கூடைகளை நிமிர்த்தினார்கள்.

அந்த ஒரு வாரத்துக்குள் தெருவில் இரண்டு வீட்டில் கோழி போய்விட்டது. அதையும் எழுதாமல் விட்டால் இத்தனை எழுதியதற்கு அர்த்தம் இல்லை. அந்த இரண்டு பேரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை.

அமலியின் ஃப்ரிட்ஜை ஸ்டெல்லா வைத்துக்கொண்டாள். டம்ளரும் காசும் என்னிடம் இருக்கின்றன. என் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் இப்போது வேறு எதுவும் வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன், என் மனைவி முணுமுணுக்கிறாள். காலையில் எழுந்ததும் முதலில் அதைத்தான் திறந்து பார்க்கிறேன். அவள் சொன்னதை எல்லாம் என்னால் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது, அவளைப்போல நடக்கவும் முடியாது. யாரையும் கேட்காமல் சொல்லிவிடுகிற இந்த டம்ளர் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன்.

கன்னியம்மா வரச் சொன்ன அந்தச் சனிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம். பெட்டிக்குள் புது மருந்து, பக்கத்தில் டம்ளர். மூடியைத் திறந்து காட்டினேன். பெண்கள் ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்தார்கள். கன்னியம்மா விரலால் காசை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். நகரவில்லை. பிறகு கோழியைப் பிடித்து என் கையில் கொடுத்தாள்.